குழியின் வாயில் ஒரு நேர்க்கோடு

அத்தியாயம் 7

"சார், இந்தக் கட்டடத்துக்குள்ள வர்றதுக்கு மூணு கையெழுத்து. வெளிய போறதுக்கு ஒரு கொட்டாவி போதும் போலிருக்கு," என்றாள் குண்டூசி.

ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் காவலாளி அவளுடைய கைப்பையைக் கவிழ்த்து, சீப்பு முதல் தலைவலித் தைலம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்திருந்தார். அதே நேரத்தில் வெளியே போன நான்கு பேரை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சர்வேயர் சிரிக்கவில்லை. திரும்பி நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறினார்.

இருபது வருடம் நிலம் அளந்தவர் அவர். எல்லைக்கல்லை இரவோடிரவாக நகர்த்தியவர்கள் அத்தனை பேரின் பகையையும் சம்பாதித்துக்கொண்டு, வேலையை விட்டுத் துப்பறிய வந்தவர். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. குண்டூசி நீதிமன்றத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். ஆள் சிறிது, முனை கூர்மை. ஒரு நீதிபதியின் வாக்கியத்தைத் திருத்தியதால் வெளியே வந்தவள்.

மூன்று நாளைக்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் அவர்களைத் தேடி வந்தார். அறுபதைத் தாண்டியவர். உட்காரச் சொன்னபோதும் நின்றுகொண்டே பேசினார். அவருடைய ஒரே மகள் இந்த நிலையத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தாள். ஒரு மருந்துக் கம்பெனிக்கு ரகசியக் கோப்பைக் கொடுத்துவிட்டாள் என்று விசாரித்து அவளை வெளியே அனுப்பினார்கள். அதற்கு ஐந்தாவது வாரம், காலை மழையில் வண்டி சறுக்கி, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். வயது முப்பத்துநான்கு. 'தகவலை வெளியாருக்கு வழங்கியதற்காக நீக்கப்பட்டார்' என்ற வரி மட்டும் நிலையத்தின் பதிவில் அப்படியே இருக்கிறது.

"வேற எதுவும் வேண்டாம் சார். அந்த ஒரு வரியை அடிக்கச் சொல்லுங்க. செத்தவ திரும்பி வந்து நான் திருடலைன்னு சொல்ல முடியாதில்ல," என்றார் கடைக்காரர்.

நிலையத்தின் இயக்குநரைக் கேட்டபோது, ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள், அடித்துவிடுகிறோம் என்றார். அவர் குரலில் ஆதாரம் வராது என்ற நிம்மதி தெரிந்தது.

ஆனால் விசாரணைக் காகிதக் கட்டுக்குள் ஒரு விஷயம் இடித்தது. குற்றச்சாட்டுக்கு அந்தப் பெண் பதினான்கு பக்கம் பதில் எழுதியிருந்தாள். விசாரணைக்கு முதல் நாள் வரை எழுதிக்கொண்டே இருந்தாள். விசாரணை நடந்த வெள்ளிக்கிழமை காலை வந்து உட்கார்ந்து, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பதினான்கு பக்கமும் காணவில்லை. அந்த நூல் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று இருவரும் வந்திருக்கிறார்கள்.

மாடியில் கடைசி அறை. ஏழு வருடம் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த தோழி கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. இவர்கள் வருவது தெரிந்து அழுதிருக்கிறாளா, வந்த பிறகு அழப் பயிற்சி செய்திருக்கிறாளா என்று குண்டூசி சர்வேயரின் காதில் கேட்டாள். இந்த வழக்கில் தோழிதான் திருடி என்று அவள் வண்டியிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

சர்வேயர் முதலில் கேட்டது, இங்கே என்ன வேலைதான் நடக்கிறது என்று. தோழி அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே கோலிக்குண்டுகள், சைக்கிள் சக்கரத்து இரும்புக் குண்டுகள், ஒரு மேஜைப்பந்து. புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல அவள் சேர்த்து வைத்திருந்தவை என்றாள். 'அவள்' என்ற சொல்லைத் தாண்ட அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மூலக்கூறு என்பது அணுக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம். ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று வேறொரு பிரிவினர் கருவியில் பார்த்து, அணுவுக்கு மூன்று எண்ணாக எழுதி அனுப்புவார்கள். அந்த எண்களை வைத்து அந்தக் கூட்டத்தின் மேடு பள்ளத்தைக் கணக்கிடுவது, எங்கே குழி, அதன் வாய் எவ்வளவு அகலம், உள்ளே எவ்வளவு ஆழம் என்று சொல்வது, இதுதான் அவர்கள் வேலை. ஒரு நோய்க்கிருமியின் புரதத்தில் யாருமே பார்க்காத ஒரு குழியை அந்தப் பெண் கண்டுபிடித்திருந்தாள். அதற்குள் பொருந்துகிற மாதிரி ஒரு மருந்து செய்தால் கிருமி செயல்படாது.

"உருண்டையை உருட்டிப் பார்க்கறதுதான் சார் வழி," என்றாள் தோழி. "சின்ன உருண்டை உள்ள நுழையணும், பெரிய உருண்டை நுழையக் கூடாது. அந்த ரெண்டுக்கும் நடுவுல மிச்சம் இருக்கற காலி இடம்தான் குழி. அதை எல்லாம் கம்ப்யூட்டர்லயே உருட்டுவோம்."

"கோலி ஆடினா எங்க தெருவுல முதுகுல அடி விழும். இங்க சம்பளம் தர்றாங்க," என்றாள் குண்டூசி.

தோழி சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வருத்தப்பட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு திரையைப் போட்டாள்.

திரையில் இரண்டு வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக. நீல நிறம் அந்தப் பெண் கணக்கிட்டது. சிவப்பு, ஒன்பது மாதத்துக்கு முன்னால் மருந்துக் கம்பெனி தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை கேட்டுக் கொடுத்தது. மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் இரண்டும் பொருந்தின. கோப்பின் கடவுச்சொல் அவளிடம் மட்டுமே இருந்தது. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு இதைப் பார்த்து ஒரே திசையில் தலையாட்டியது. வழக்கு முடிந்தது.

"முழுசா பொருந்துதா?" என்று கேட்டார் சர்வேயர்.

இரண்டு இடத்தில் பொருந்தவில்லை என்றாள் தோழி. ஒன்று, குழியின் வாயில். நீலத்தில் திறந்திருந்த வாய்க்குக் குறுக்கே சிவப்பில் ஒரு கம்பி நின்றது. இன்னொன்று, அடிப்பாகத்தில். சிவப்பு அங்கே வெறுமையாக இருந்தது. இந்தப் பகுதியின் வடிவம் தெளிவாகக் கிடைக்கவில்லை என்று கம்பெனி ஒரு குறிப்புப் போட்டிருந்தது. திருடியவர்கள் திருட்டை மறைக்க அங்கே இங்கே மாற்றியிருப்பார்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டாராம்.

குண்டூசி திரைக்கு அருகில் குனிந்து அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். நீளமாக, நான்கு மூலையும் மழுங்கி இருந்தது. "யாரோ சோப்பு டப்பாவை வெச்சு அழுத்தின மாதிரி இருக்கு," என்றாள்.

சர்வேயர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "குழி வாயில கம்பி நின்னா மருந்து உள்ள போகுமா?"

"போகாது. அவங்க மருந்து கம்பிக்கு ரெண்டு பக்கமும் வளைஞ்சு போற மாதிரி பண்ணியிருக்காங்க. சோதனையில வேலை செய்யலைன்னு கேள்வி."

"அப்போ மறைக்கறதுக்காக வெச்ச கம்பி இல்ல. தன் சரக்கைத் தானே கெடுத்துக்கற திருடனை நான் பார்த்ததில்ல. அவங்களுக்கு அது பொய்னே தெரியல. கண்ணுக்குத் தெரிஞ்சதை அப்படியே எடுத்து வெச்சிருக்காங்க. அது நேரா இருக்கா, அளந்து சொல்லுங்க."

தோழி அளந்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன், இம்மியும் வளைவில்லை. இன்னொரு முறை அளந்தாள். அவள் விரல்கள் மெதுவாகிக்கொண்டே வந்தன.

"இருபது வருஷம் காடும் மேடும் அளந்தவன்மா நான்," என்றார் சர்வேயர். "மண்ணுல தானா வந்த நேர்க்கோட்டை ஒரு நாளும் பார்த்ததில்ல. நேரா இருந்தா யாரோ ஒரு மனுஷன் நட்டிருக்கான். இந்த வடிவத்தைக் கையில தொடற மாதிரி யாராவது செஞ்சாங்களா?"

தோழி எழுந்து வராந்தாவின் கோடிக்கு அவர்களை அழைத்துப்போனாள். அங்கே ஒரு சின்ன அறையில் பிளாஸ்டிக்கை உருக்கி, அடுக்கடுக்காக ஊற்றி வடிவம் அச்சடிக்கும் இயந்திரம் இருந்தது. முதன்முதலாக ஒரு வடிவத்தைக் கணக்கிட்டு முடித்தவர்கள் அதை ஒரு பொம்மையாக அச்சடித்து வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். விதியில் கூடாது என்றுதான் இருக்கிறது. இயக்குநர் வீட்டுத் தொலைக்காட்சி மேலேயே ஒன்று நிற்கிறதாம். கோப்புக்கு மூன்று பூட்டுப் போட்டவர்கள், அதே ரகசியத்தை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கைவீசி நடந்து போயிருக்கிறார்கள். அது தகவல் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்குத் தகவல் என்றால் எண்கள்தான். பொம்மை வெறும் பொம்மை.

"இதை யாராவது படம் பிடிச்சா போதுமா?" என்று கேட்டாள் குண்டூசி.

படம் போதாது, ஆனால் ஒரு நாள் கையில் கிடைத்தால் போதும் என்றாள் தோழி. சுற்றிலும் ஒளி பாய்ச்சி அளக்கும் கருவி இருக்கிறது. பரப்பு முழுவதும் லட்சக்கணக்கான புள்ளிகளாக வந்துவிடும். அந்தப் புரதத்தில் எந்தெந்த அணுக்கள் என்பது ஏற்கெனவே ஊருக்கே தெரிந்தது. எப்படி மடிந்திருக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதைப் பொம்மை சொல்லிவிடும்.

இயந்திரத்தின் பக்கத்தில் ஆணியில் ஒரு பதிவேடு தொங்கியது. தோழி பக்கங்களைத் திருப்பி ஓர் இடத்தில் நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே இரண்டு பதிவுகள். இரண்டாவதன் பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'முதல் பொம்மை கை தவறி முறிந்தது. குழியின் வாயோரம் மெல்லியது, துடைத்தால் உடையும். அதனால் நடுவில் ஒரு முட்டு. அப்பாவுக்கு.'

குண்டூசி அதை வாசித்தாள். பிறகு இன்னொரு முறை வாசித்தாள். அவள் எதையும் இரண்டு முறை வாசித்து சர்வேயர் பார்த்ததில்லை.

"அந்தப் பொம்மை கடையில இருக்கு," என்றாள் தோழி. குரல் சன்னமாகிவிட்டது. "கண்ணாடி அலமாரியில. நானே பார்த்திருக்கேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவ திடீர்னு சிரிச்சா சார். பிடிச்சுட்டேன்டி, நாளைக்கு எல்லாருக்கும் காட்டறேன்னு அந்தப் பதினாலு பக்கத்தையும் எடுத்துட்டுக் கிளம்பினா. மறுநாள் வந்து வாயே திறக்கல. ஏன்டின்னு கேட்டேன். விட்டுடுன்னா. நீ கோழைன்னு சொன்னேன். அதான் நான் அவகிட்டப் பேசின கடைசி வார்த்தை."

சர்வேயர் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். கடைக்காரருக்குத் தொலைபேசியில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று தோழியிடம் கேட்டுக்கொண்டார்.

தெருவில் வெயிலில் கண் கூசியது. குண்டூசி வண்டியைக் கிளப்பாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தோழி மேல் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கலாம் என்றாள். சர்வேயருக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிரூபிப்பது இனிமேல் கஷ்டமில்லை. அந்த முட்டும் பொம்மையும் போதும், எந்தக் குழுவும் தலையை மறுபக்கம் ஆட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் நிரூபித்தால் அந்தக் கிழவரிடம் என்ன சொல்வது?

"ஒருவேளை கடைக்கு யாரோ வந்து திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போய்த் திரும்ப வெச்சிருக்கலாம் இல்ல சார்," என்றாள் குண்டூசி.

"இருக்கலாம்."

"அப்படித்தான் இருக்கணும்," என்றாள். வழக்கமாக வாதத்துக்கு ஆதாரம் கேட்கிறவள் அவள்.

கடை சின்னது. ஒரு பக்கச் சுவர் முழுவதும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள், எதிர்ச்சுவரில் பெரியதில் தொடங்கிச் சின்னதில் முடியும் எழுத்துப் பலகை, நடுவில் ஓர் உயரமான நாற்காலி. கண்ணாடி அலமாரியின் நடுத் தட்டில், மற்றப் பொருளெல்லாம் ஒதுங்கி இடம் விட்டிருக்க, வெள்ளைப் பொம்மை நின்றது. முஷ்டி அளவு. ஒரு பக்கம் குழி, குழியின் வாயில் மெல்லிய தூண். அது சாயாமல் நிற்பதற்காக ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தார்கள். நீளமான பெட்டி, மூலைகள் மழுங்கியவை. குண்டூசி சோப்பு டப்பா என்று சொன்னது ஞாபகம் வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சர்வேயர் கண் பரிசோதிக்க வேண்டும் என்றார். கடைக்காரரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வேலை செய்வது அவருக்கு வசதியாக இருந்தது. சர்வேயரை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கின் மேல் மாட்டி, தட்டிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்துச் செருகினார். இப்போது தெளிவா, முன்பு தெளிவா என்று கேட்டார். நாள் முழுவதும் என்ன பார்ப்பீர்கள், எவ்வளவு தூரத்தில் என்று கேட்டு ஓர் அட்டையில் எழுதிக்கொண்டார். யாராக இருந்தாலும் அதைக் கேட்காமல் கண்ணாடி போடமாட்டாராம். தையல்காரருக்கு ஒரு தூரம், ஓட்டுநருக்கு ஒரு தூரம்.

பொம்மை நன்றாக இருக்கிறதே என்றார் சர்வேயர், எழுத்துப் பலகையைப் பார்த்தபடி.

அவ்வளவுதான் கேட்டார். அப்பாக்களிடம் அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை. பாப்பா செய்தது என்றார் கடைக்காரர். முதலில் கொடுத்ததைத் துடைக்கும்போது அவரே உடைத்துவிட்டாராம். மகள் கோபப்படவே இல்லை, நீங்கள் தினமும் துடைப்பீர்கள் என்று தெரிந்தே ஒரு முட்டு வைத்து இன்னொன்று செய்து வந்தேன் என்றாளாம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இது என்ன கிழங்கா என்று கேட்பார்கள். ஒருவர் மட்டும் அப்படிக் கேட்கவில்லை.

"ரொம்பப் படிச்சவர் சார். பார்த்ததும் பெட்டியோட கையில எடுத்து, திருப்பித் திருப்பி, பத்து நிமிஷம் ஒண்ணும் பேசாம நின்னார். உங்க பொண்ணு சாதாரண ஆள் இல்லன்னார். என் பையனுக்குக் காட்டணும், ஒரு நாளைக்குத் தர்றீங்களான்னு கேட்டார். சொன்ன மாதிரி மறுநாளே கொண்டு வந்து குடுத்தார். துடைச்சுச் சுத்தமா." அவர் இன்னொரு கண்ணாடியைச் செருகினார். "கீழ் வரிசை தெரியுதா?"

தெரியவில்லை என்றார் சர்வேயர். அது உண்மைதான். பலகை முழுவதும் கலங்கியிருந்தது.

"கண்ல தண்ணி நிக்குது. நல்லா சிமிட்டிக்கோங்க," என்றார் கடைக்காரர். பிறகு தானாகவே தொடர்ந்தார். "இவளை அவங்க பாடாப் படுத்தினப்போ, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நேரா இங்க வந்தா. ஏதோ சந்தோஷத்துல இருந்தா. பொம்மையை எடுத்துப் பைக்குள்ள வைக்கப் போனா. அவ மனசு தேறட்டும்னு நான் இந்தக் கதையைச் சொன்னேன். அவங்க மதிக்காட்டி என்னம்மா, உன் வேலையோட அருமை தெரிஞ்சவங்க வெளிய இருக்காங்கன்னு சொன்னேன். என்னைக்குப்பா வந்தார்னு கேட்டா. தேதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. அப்புறம் பொம்மையை எடுத்த இடத்துலயே வெச்சுட்டு, இது இங்கயே இருக்கட்டும்ப்பான்னா. அன்னிக்கு ராத்திரி எனக்கு அவளே தோசைக்கல்லு..." சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "அவளே சமைச்சா," என்று முடித்தார்.

குண்டூசி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சட்டங்களைப் பார்த்தாள். பதினான்கு பக்கம் எங்கே போனது என்று இனி யாரும் தேட வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தால் தன் பெயர் தப்பும், அப்பா உடைந்துபோவார். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. வாயை மூடிக்கொண்டு திருடி என்ற பெயரோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சர்வேயர் சோதனைச் சட்டத்தைத் தானே கழற்றினார். அவருக்குத் தன் தொழில் மேலேயே வெறுப்பாக இருந்தது. பொய் சொல்லிப் பொம்மையை வாங்கிவிடலாம், கிழவருக்குத் தெரியாமலே வரியை அடிக்க வைத்துவிடலாம் என்று கடைசி நிமிடத்தில் ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனையாகவே பட்டது.

"இந்தப் பொம்மை எனக்கு ஒரு நாளைக்கு வேணும். இயக்குநர்கிட்ட உங்க பொண்ணு வேலையைக் காட்டணும். நாளைக்கே திருப்பித் தந்துடறேன்," என்றார்.

"அதுக்கென்ன சார், தாராளமா எடுத்துட்டுப் போங்க," என்று கடைக்காரர் அலமாரியைத் திறந்தார். "அந்த சார்கூட ஒரு நாளைக்குன்னுதான்..."

கை பொம்மையின் மேல் அப்படியே நின்றது.

அவர் திரும்பவில்லை. அலமாரிக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. குண்டூசி அதைப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டாள். பிறகு அவர் மேஜைக்குப் போய் அட்டைகள் அடுக்கிய மரப்பெட்டியை இழுத்தார். விரல்கள் பழக்கமாக நகர்ந்து ஓர் அட்டையை எடுத்தன. கண்ணாடியைத் தன் நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தார். பெயர், வலது கண், இடது கண். நாள் முழுவதும் பார்ப்பது: கம்ப்யூட்டர் திரை, இரண்டடி தூரம். வேலை: மருந்துக் கம்பெனி. தேதி, அந்தக் கம்பெனி காப்புரிமை கேட்டதற்குச் சரியாக மூன்று மாதம் முந்தியது.

"பாப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க," என்றாள் குண்டூசி சட்டென்று. எத்தனையோ பேரின் பொய்ச் சாட்சியைத் தட்டச்சு செய்தவள். தன் வாயால் இப்படி ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"அவ தேதி கேட்டாளேம்மா," என்றார் கடைக்காரர்.

வெளியே ஒரு பேருந்து நின்று கிளம்பியது. கடைக்காரர் உயரமான நாற்காலியில், வாடிக்கையாளர்கள் உட்காரும் இடத்தில், போய் உட்கார்ந்தார். இவ்வளவு நாளில் இவர்கள் முன்னால் அவர் உட்கார்ந்தது இப்போதுதான்.

சர்வேயர் குனிந்து அவரிடம் மெதுவாகப் பேசினார். அப்படியே விட்டுவிடலாம் என்றார். மகள் விரும்பியது இதுதான், அவள் மறைத்ததை நாம் எதற்காகத் தோண்ட வேண்டும், ஓர் அப்பா மேல் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் வேண்டாம் என்றார். தான் எடுத்த வழக்கைத் தானே மூடச் சொன்னது அவருக்கும் புதிது.

கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எழுந்து பொம்மையை எடுத்து, மேஜையில் வைத்து, லென்சு துடைக்கும் துணியால் ஒரு முறை துடைத்தார். முட்டின் பக்கம் வந்தபோது மட்டும் கை தயங்கியது. அட்டையைப் பொம்மையின் மேல் சாய்த்து வைத்தார்.

"அவ எனக்காக வாயை மூடிக்கிட்டா. நானும் மூடிக்கிட்டா அவளுக்குன்னு யார் சார் பேசுவா?" என்றார். குண்டூசியைப் பார்த்தார். "நீங்க கோர்ட்டுல எழுதினவங்கதானே. எழுதிக்கோங்கம்மா. நான் சொல்றதை அப்படியே எழுதுங்க."

குண்டூசி பையிலிருந்து தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

கடைக்காரர் எழுத்துப் பலகைக்கு நேராக நிமிர்ந்து நின்றுகொண்டார். நிறுத்தி நிறுத்தி, எழுதுகிற கைக்கு நேரம் கொடுத்துச் சொன்னார்.

"என் மகள் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. எனக்கு ஒரு பொம்மை கொடுத்தாள். அதை நான் கொடுத்தேன்."

நீதிபதியின் வாக்கியத்தையே திருத்தியவள், இதில் ஓர் எழுத்தையும் தொடவில்லை.